கடையைச் சாத்தியது யார்?

மலாக்கா மாநிலச் செந்தமிழ்க் காப்புக் கழகத்தில் எனக்கு ஒரே ஒரு வேலை. கை தூக்குவது.

யாராவது ஒரு தீர்மானத்தை முன்மொழிவார்கள். "வழிமொழிபவர்?" என்று தலைவர் கேட்பார். நான் வலது கையைத் தூக்குவேன். "திருமதி உஷாராணி" என்று செயலாளர் எழுதிக்கொள்வார். தமிழ் அன்றைக்கும் காப்பாற்றப்பட்டுவிடும்.

மற்றவர்கள் ஏன் கை தூக்குவதில்லை என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. செயலவையில் மொத்தம் பதினொரு பேர். அதில் பத்துப் பேர் முன்மொழிகிறவர்கள். வழிமொழிகிறவன் முன்மொழிந்தவனுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடக்கிறவன் என்பது அங்கே எழுதாத சட்டம். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பத்தொன்பது வருடம் இந்தப் பதவியில் இருந்தார். அவர் இறந்த பிறகு நான்கு மாதம் கழகத்தில் ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. அவருக்கான இரங்கல் தீர்மானமே வழிமொழிய ஆளில்லாமல் நின்றுபோனது.

அப்போதுதான் கஜலட்சுமி அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாயா ரும்புட்டில் எங்களுக்கு அடுத்த வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற அரசாங்க அலுவலகக் கிராணி, கழகத்தின் செயலாளர். பதினாறு வருடப் பழக்கம். என் மகள் பிறக்கிற நேரத்தில் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். என்னைத் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அக்காதான். அந்தக் காரின் பின் இருக்கையில் நான் செய்த கறை இன்னும் இருக்கிறது. அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"ஒன்னும் கஷ்டம் இல்ல உஷா. சண்டே காலைல ரெண்டு மணி நேரம். நீ கை தூக்குனா போதும் லா. டீ உண்டு, வடை உண்டு."

செங் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் சின்னச் சின்னப் பச்சை மின்சுற்றுத் தகடுகளில் குறை பார்ப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை. ஏழாம் நாள் தூக்கிய கை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன பயன்? வேறு எங்கே என் பெயருக்கு முன்னால் 'திருமதி' போட்டு எழுதினார்கள்? தொழிற்சாலையில் நான் ஏழாம் லைன், மூன்றாம் நாற்காலி.

அக்காவின் மகன் நிஷாந்த் கம்ப்யூட்டர் படித்தவன். வேலை முடிந்து வந்து, இரண்டு வருடம் உட்கார்ந்து, போனில் விளையாடும் விளையாட்டு ஒன்றைச் செய்தான். பெயர் 'மாடு எங்கே?'. செம்பனைத் தோட்டத்தில் ஒரு மாடு காணாமல் போய்விடும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்கக் கயிறு வேண்டும். கயிறு தோட்டத்துக் கடையில்தான் இருக்கிறது. போய்க் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து கடைக்காரி சொல்வாள்:

"கட சாத்தியாச்சி லா. நாளைக்கி வா."

சொல்லிக்கொண்டே கதவு இடுக்கு வழியாகக் கயிற்றை நீட்டுவாள். அந்தக் குரல் என்னுடையது.

வரி என் அம்மாவுடையது. அம்மா வேலாயி மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் கடை வைத்திருந்தார். எப்போது யார் தட்டினாலும் இதைத்தான் சொல்வார். சொன்ன கையோடு சீனியையும் நெருப்புப் பெட்டியையும் இடுக்கு வழியாக நீட்டுவார். இப்போது அவருக்குப் பக்கவாதம். பேச்சு போய் மூன்று வருடம் ஆகிறது, மெர்லிமாவில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். நிஷாந்த் அந்த வரியைப் போனில் போட்டுக் காட்டியபோது, வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். திரும்பப் போடச் சொல்லி விரலால் தட்டினார். பதினொரு தடவை போட்டோம். இந்த விளையாட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான்; அது இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

தமிழ்ப் பள்ளிகளின் கணினி அறையில் எந்த விளையாட்டையும் வைப்பதற்கு முன்னால் கழகத்தின் மொழித் தூய்மைச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு தீர்மானம் இருந்தது. அதை வழிமொழிந்ததும் நான்தான்.

கூட்டம் ஹனிபா பாயின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும். பாய் இடம் கொடுத்தார், டீ கொடுத்தார், அதனால் அவர் கழகத்தின் புரவலர். தலைவர் இராஜரட்ணம் ஐயா நிஷாந்தின் போனை வாங்கி, காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போல் தூரத்தில் பிடித்துக்கொண்டு விளையாடினார். கதவைத் தட்டினார். என் குரல் கேட்டது.

"நிறுத்து," என்றார். "இந்தக் கடையைச் சாத்தியது யார்?"

"கடைக்காரிதான் அங்கிள்," என்றான் நிஷாந்த்.

"அப்படி அவள் சொல்லவில்லையே. கடை சாத்தியாச்சு என்கிறாள். கடை தன்னைத் தானே சாத்திக்கொண்டதா? எழுவாய் எங்கே?"

பத்துப் பேரும் எழுவாயைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவர் மேசைக்குக் கீழேகூடப் பார்த்தார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடியதாகப் பிறகு சொன்னார். விளையாட்டில் மாடு காணவில்லை, கழகத்தில் எழுவாய் காணவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, சோறு தின்னாச்சான்னு கேக்கறோமே. சோறா தின்னுச்சி?"

"அம்மா, அது சமையலறைத் தமிழ். இது மன்றம்," என்றார் தலைவர். பிறகு மணியைப் பார்த்துவிட்டு எல்லாரையும் கேட்டார்: "டீ குடிச்சாச்சா?"

அந்த வாக்கியத்தில் யாரும் எதையும் தேடவில்லை.

எழுவாயைக் கண்டுபிடிக்க ஐவர் துணைக்குழு அமைந்தது. முன்மொழிந்தவர் தலைவர், வழிமொழிந்தவள் நான். குழு நேரில் ஆராய்வதற்காகக் கீழே இறங்கி ஹனிபா பாயின் கடைக்குள் வரிசையாகப் போனது. கடையைச் சாத்தச் சொன்னார்கள். சாத்தும்போது இயல்பாக என்ன சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள்.

"ஞாயித்துக்கெழம வியாபாரம் லா ஐயா. வெளிய ஆள் நிக்குது பாருங்க."

"தமிழுக்காக, பாய்."

பாய் தமிழுக்காக இரும்புக் கதவை இழுத்தார். அது துணைக்குழுவில் ஒருவரின் விரலில் இறங்கியது. அவர் தூய தமிழில் கத்தவில்லை. பாய் இயல்பாகச் சொன்ன ஒரே வார்த்தையைக் குறிப்பில் எழுத முடியாது. அடுத்த வாரம் துணைக்குழுவின் அறிக்கை வந்தது: 'வணிகரின் சான்று ஏற்கத்தக்கதன்று. கடை உண்மையில் திறந்திருந்த நிலையில் அவர் அதனைச் சாத்தியமையால் சூழல் செயற்கையானது.'

மூன்றாம் வாரம் கழகம் இரண்டாகப் பிரிந்தது. கடைதான் எழுவாய் என்றவர்கள் ஜன்னல் பக்கம். கடை செயப்படுபொருள், எழுவாய் ஓடி ஒளிந்திருக்கிறது என்றவர்கள் வாசல் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வடைத் தட்டு. பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா' பற்றி மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து: அதைத் தமிழில் யாரும் பேசுவதில்லை. "ஆமா லா, யாரு பேசுறா?" என்று வாசல் பக்கத்தில் ஒருவர் ஆமோதித்தார்.

அன்றைக்குத் தலைவர் பேசியதை நான் மறக்க மாட்டேன். துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நாற்பது ஆண்டுகளாக இம்மொழிக்காக மேடை ஏறியிருக்கிறேன். எழுபத்திரண்டு பொன்னாடைகள் பெற்றிருக்கிறேன். ஒன்றையும் கேட்டு வாங்கியதில்லை, நினைவூட்டியதோடு சரி. என் இல்லத்தில் மொழிப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. என் பேரன் பிரஷாந்துக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே அவன் இதுவரை ஒரு சொல்லையும் பிழையாகச் சொன்னதில்லை. இத்தகைய கட்டுப்பாட்டைத்தான் ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் நான் எதிர்பார்க்கிறேன்!"

கைதட்டல் நிற்க ஒரு நிமிடம் ஆனது. நானும் தட்டினேன். கையைத் தூக்கிப் பழகினால் தட்டவும் வந்துவிடும்.

நான்காம் ஞாயிறு காலையில் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் இடியப்பம், மூடிபோட்ட கிண்ணத்தில் சொதி.

"உஷா, இன்னிக்கி நீ வாயே தொறக்காத. நா பாத்துக்கறேன். ஒன் வரிய ஒருத்தரும் தொட முடியாது, சரியா?"

"ஒங்கள நம்பித்தாங்க்கா இருக்கேன்."

"பின்ன? யார நம்புவ?"

அந்தச் சொதியை நான் ருசித்துச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு முதலில் எரிகிறது.

கூட்டத்தில் பதின்மூன்று தீர்மானங்கள் போயின. சென்ற கூட்டத்தின் குறிப்பை ஏற்பது, அதற்கு முந்தின கூட்டத்தின் குறிப்பை ஏற்றதை ஏற்பது, விரல் நசுங்கியவருக்கு அனுதாபம், வடைக்கு நன்றி. பதின்மூன்று முறையும் கை தூக்கினேன். பிறகு அக்கா எழுந்து படித்தார்.

"பதினான்காம் தீர்மானம். கணினிவழி ஆநிரை மீட்பு விளையாட்டின்கண் இடம்பெறும் வணிகர் கூற்றில் நேர்ந்துள்ள குறைபாட்டினைக் களைந்து, அயல்மொழி இடைச்சொல் நீக்கி, தகுதிசால் குரலில் மறுபதிவு செய்வித்துச் சான்றளிப்பதென இம்மன்றம் தீர்மானிக்கிறது. முன்மொழிபவர், செயலாளர் கஜலட்சுமி."

"வழிமொழிபவர்?" என்றார் தலைவர்.

ஆநிரை என்றால் மாடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்கா முன்மொழிகிறார் என்றால் என் வரியைக் காப்பாற்றத்தான் முன்மொழிகிறார். என் கை மற்ற நாளைவிட வேகமாக மேலே போனது.

எல்லாரும் தட்டினார்கள். ஜன்னல் பக்கமும் வாசல் பக்கமும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினேன். ஹனிபா பாய் டீயை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

"ஏன் தங்கச்சி, ஒன் கொரலு வேணாம்னு நீயே கை தூக்கிட்ட?"

பாய் அதைச் சாதாரணத் தமிழில் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. படியேறி ஓடினேன். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எனக்கு வெளங்காம தூக்கிட்டேன். நா எதுக்கறேன்."

"விதி எட்டு, அம்மா. வழிமொழிந்தவர் எதிர்க்க முடியாது. அப்படி அனுமதித்தால் அவரவர் விளங்கிக்கொண்டு கை தூக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு கழகத்தை எப்படி நடத்துவது?"

அக்கா கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னக்கா இது?" என்றேன்.

"நிஷாந்துக்கு அந்தச் சான்றிதழ் வேணும் லா உஷா. ரெண்டு வருஷம் ஒழச்சிருக்கான். ஒரே ஒரு வரிதானே."

"எனக்கு அந்த ஒரே ஒரு வரிதாங்க்கா. எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ கை தூக்கியிருக்க மாட்ட."

இதை அவர் கூசிக்கொண்டு சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

தகுதிசால் குரல் தலைவரின் மகள் லக்ஷனாவுடையது என்று தெரிந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பாவம், கோலாலம்பூரிலிருந்து காரோட்டி வந்தாள். தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து, ஒன்பது தடவை பதிவு செய்தார்கள். "அங்காடி அடைக்கப்பட்டுவிட்டது. நாளை வருக." வங்கியில் நம்பர் கூப்பிடுவது போல இருந்தது.

அத்தோடு விட்டார்களா? அடைக்கப்பட்ட அங்காடியிலிருந்து கயிறு எப்படி வெளியே வரும், இது பொருட்குற்றம் என்று ஜன்னல் பக்கம் கிளப்பியது. கயிற்றையும் நீக்கினார்கள். கயிறு இல்லாமல் மாட்டைப் பிடிக்க முடியாது. மாட்டைப் பிடிக்காமல் விளையாட்டு முடியாது. நிஷாந்த் ஒரு தடவை தலையைச் சொறிந்துவிட்டு, கழகம் சொன்னபடி செய்து கொடுத்தான். பள்ளியில் வெளியீட்டு விழா நடந்தது. மாலை, குத்துவிளக்கு, தலைவருக்கு எழுபத்து மூன்றாவது பொன்னாடை. தங்கச் சட்டம் போட்ட சான்றிதழில் 'பிழையற்றது' என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் நாற்பது நிமிடம் செம்பனைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு பிள்ளை, "டீச்சர், மாடு முன்னாலயே நிக்குது, புடிக்க முடியல," என்று அழுதது. மொழி வளர்கிறபோது வலிக்கத்தான் செய்யும் என்று தலைவர் ஒலிபெருக்கியில் விளக்கினார்.

அடுத்த விடுமுறையில் அம்மாவைப் பார்க்கப் போனேன். தம்பி மகள் பழையதை எடுத்துவிட்டுப் புது விளையாட்டை அம்மாவின் போனில் ஏற்றி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்ததும் ஆசையாகப் போனை எடுத்து, பழகிய விரலால் கதவைத் தட்டினார். "அங்காடி அடைக்கப்பட்டுவிட்டது," என்றது. அம்மா போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகு என் வாயைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? உன் குரலை யார் எடுத்தது என்று அவர் கேட்டிருந்தால், முன்மொழிந்தது அக்கா, வழிமொழிந்தது நான் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். நல்லவேளை, அவரால் கேட்க முடியவில்லை. நல்லவேளை என்று நினைத்ததற்காக அன்று முழுக்க என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டுக் கூட்டம் வந்தது. அக்காவோடு நான் பேசி ஆறு வாரம் ஆகியிருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு யோசனை இருந்தது. பத்து முன்மொழிகிறவர்கள், ஒரே ஒரு வழிமொழிகிறவள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டால் போதும். தபால்காரர் செத்தபோது நடந்தது, நான் உயிரோடு இருக்கும்போதே நடக்கட்டும்.

முதல் தீர்மானம், இராஜரட்ணம் ஐயாவே இருபத்திரண்டாம் முறையாகத் தலைவர். யாரோ முன்மொழிந்தார். "வழிமொழிபவர்?" என்றார் தலைவர், சால்வைக்குக் கழுத்தைத் தயாராக நீட்டிக்கொண்டு.

நான் இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்தேன்.

பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஹனிபா பாய் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சொல்கிறேனே, அந்த அரை நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்கா கையிலிருந்த தாளைப் புரட்டினார். "வழிமொழிந்தவர், திருமதி உஷாராணி. ஏகமனதாக நிறைவேறியது," என்று படித்தார். கைதட்டல். சால்வை.

"நா கை தூக்கலயே!" என்று எழுந்தேன்.

"குறிப்பில் இருக்கிறது, அம்மா," என்றார் தலைவர்.

போய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். அக்கா தடுக்கவில்லை. அன்றைய தீர்மானங்கள் இருபதும் அச்சாகியிருந்தன. இருபதிலும் என் பெயர். இன்னும் வராத வடைக்கும் நான் நன்றி வழிமொழிந்திருந்தேன். தாளின் அடியில் வியாழக்கிழமைத் தேதி. அந்தக் கோப்பிலேயே பழைய குறிப்புகளும் இருந்தன. பதினான்காம் தீர்மானத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் என் பெயர். அதன் அடியிலும் ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இடியப்பத்துக்கு மூன்று நாள் முந்தியே நான் கை தூக்கி முடித்திருந்தேன். இத்தனை நாளும் என் கை அங்கே தேவைப்படவே இல்லை, பெயர் மட்டும்தான்.

"இந்தக் குறிப்பு பொய்," என்றேன்.

"குறிப்பை மறுப்பதற்குத் தனித் தீர்மானம் வேண்டும். விதி பதினொன்று."

"சரி. நா முன்மொழியறேன்."

கழகத்தில் நான் முன்மொழிந்த முதல் தீர்மானம் அது. தலைவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "வழிமொழிபவர்?"

ஹனிபா பாய் கை தூக்கினார். புரவலருக்கு வாக்கு இல்லை என்று கீழே இறக்கச் சொன்னார்கள். மற்ற ஒன்பது பேரும் முன்மொழிகிறவர்கள். அவர்கள் கை எனக்குப் பின்னால் வருமா? நான் அக்காவைப் பார்த்தேன். பதினாறு வருடம். ஒரு கை. அவ்வளவுதான் கேட்டேன், அதையும் வாயால் கேட்கவில்லை.

அக்கா குனிந்து, தாளில் குத்தியிருந்த ஊசியை நகத்தால் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"வழிமொழிய ஆளின்மையால் தள்ளுபடி," என்றார் தலைவர். அக்கா அதை எழுதிக்கொண்டார். அந்த ஒன்றை மட்டும் அப்போதுதான் கையால் எழுதினார்.

அன்று சாயங்காலம் என் வீட்டு இரும்புக் கதவு தட்டப்பட்டது. அக்கா. கையில் மூடிபோட்ட கிண்ணம்.

"உஷா, கோவமா லா? கழகம் வேற, நம்ம வேற. கதவத் தொற, பேசிக்கலாம்."

கதவுக்கு நடுவில் ஒரு சாண் இடுக்கு இருந்தது. கிண்ணம் அதன் வழியாக நன்றாக நுழையும். பதினாறு வருடமாக நுழைந்திருக்கிறது. நான் உள்ளேயிருந்தே சொன்னேன்:

"கட சாத்தியாச்சி லா."

அக்கா முகத்தில் சிரிப்பு வந்தது. அந்த வரி அவருக்கு மனப்பாடம். மீதியையும் சொல்லிவிட்டுக் கையை நீட்டுவேன் என்று கிண்ணத்தைப் பிடித்தபடி காத்து நின்றார். நான் உள்கதவையும் மூடினேன். நாளைக்கு வா என்று சொல்லவில்லை.